இரண்டு பட்டியலிலும் என் பெயர்

உங்கள் இரண்டு பேருக்கும் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். பெரியவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். சின்னவனுக்கு அவள் படித்துக் காட்டட்டும். ஹிந்தியில் எழுதினால் உங்களுக்குச் சௌகரியம் என்று தெரியும். ஆனால் நான் டெல்லியில் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் தமிழில் படித்தவன். நிதானமாகச் சொல்ல வேண்டிய சங்கதி என்றால் எனக்குத் தமிழில்தான் கை ஓடும்.

போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தபோது சின்னவன் கேட்டான்: "அப்பா, நீங்க ப்ரொஃபெஷனலா ஆடினீங்களா, இல்ல சும்மா ஆடினீங்களா?"

"ப்ரொஃபெஷனல்தான்" என்றேன். உடனேயே, "இல்ல, அப்படிச் சொல்ல முடியாது" என்றேன்.

"அச்சா! அதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று பெரியவள் சிரித்தாள். அடுப்படியில் இருந்த அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லுகிற பதிலாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் மிட்ஃபீல்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கோல் போடுகிறவன் முன்னால் நிற்பான். கோலைத் தடுக்கிறவன் பின்னால் நிற்பான். இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருப்பவன் நான். பின்னால் இருப்பவனிடம் பந்தை வாங்கி முன்னால் இருப்பவனிடம் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு ரொம்பச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனால் பந்து காலுக்கு வந்த பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடினால், அதற்குள் எதிராளி வந்து முழங்காலில் இடித்துவிடுவான். ஆகையால் பந்து வருவதற்கு முன்னாலேயே வலது தோளுக்கு மேல் ஒரு தடவை, இடது தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறான் என்று மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் நான் போட்ட கோல் மொத்தம் நாலு. அதிலும் ஒன்று நான் அடித்ததில்லை. வேறு யாரோ அடித்தது என் முதுகில் பட்டு உள்ளே போனது.

கல்யாணமான புதிதில் உங்கள் அம்மா ஒரு மேட்ச் பார்க்க வந்தாள். திருமங்கலத்துப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஸ்டேடியத்தில் வேர்க்கடலையைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்:

"எல்லாரும் பந்தைப் பாத்துத்தான ஓடுறாய்ங்க. நீங்க மட்டும் எதுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பித் திரும்பிப் பாத்தீங்க? யாராச்சும் வர்றேன்னு சொல்லியிருந்தாங்களா?"

நான் தோள், பாஸ், எதிராளி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "அப்ப உங்களுக்கு எல்லாரும் எங்க இருக்காங்கன்னு தெரியுது. உங்களைத்தான் ஒருத்தருக்கும் தெரியல" என்றாள். அது சரிதான். மறுநாள் பேப்பரில் கோல் போட்டவன் பெயர் வரும். கோல் கீப்பர் பெயர்கூட வரும். நடுவில் நின்றவன் பெயர் வராது.

நான் ஆபீஸில் சேர்ந்தது விளையாட்டு ஒதுக்கீட்டில். ஆர்.கே.புரம் செக்டார் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவனை ஓர் அரசாங்க ஆபீஸின் டீமுக்கு ட்ரயலுக்குக் கூப்பிட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். காகிதத்தில் நான் பியூன். காலையில் பத்து மணிக்குப் போய் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மணிக்கு டிபன் சாப்பிட்டதும் மைதானத்துக்குக் கிளம்பிவிடலாம். எல்லா ஆபீஸ் டீமிலும் அதுதான் வழக்கம். ஆபீஸில் இருப்பவர்கள், "இவன் ஃபுட்பால்காரன், இவனிடம் ஒன்றும் கொடுக்காதே" என்பார்கள். மைதானத்துக்குப் போனால் எதிர் டீம்காரர்கள், "ஏ பாபு, ஃபைல் எங்கே?" என்று குமாஸ்தாவைக் கூப்பிடுகிற மாதிரி கேலி செய்வார்கள். பத்திலிருந்து ஒரு மணி வரை நான் யார், மூன்று மணிக்கு ஜெர்சி போட்ட பிறகு நான் யார் என்று எனக்கே குழப்பம்தான்.

காலையில் எனக்குக் கொடுத்திருந்த ஒரே வேலை இதுதான்: ஃபைல்களை அதிகாரிகளிடம் கொண்டுபோவதற்கு முன்னால், அவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். எங்கே போடுவது என்று கிளார்க் விரலால் காட்டுவார், நான் போடுவேன். அதிகாரிகள் அந்தக் குறியைத் தேடுவார்கள், பேனாவை வைப்பார்கள், பக்கத்தைத் திருப்புவார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்த்து நான் பார்த்ததில்லை.

எங்கள் டீமைக் கவனித்துக்கொண்டவர் ஒரு சீனியர் கிளார்க். பஞ்சாபிக்காரர். ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி என்று அவருக்குப் பட்டம். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மதராசி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் நான் டைபாய்டில் படுத்திருந்தபோது தினமும் ஸ்கூட்டரில் வந்து, தூக்குவாளியில் சாத்துக்குடி ஜூஸ் கொடுத்துவிட்டுப் போனவர் அவர்தான். வருஷா வருஷம் ஹோலி முடிந்த வாரத்தில் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவார். வெளியூர்ப் பயணப் படி, பூட்ஸ் வாங்கிக்கொண்டதற்கு ரசீது, டாக்டர் சர்ட்டிபிகேட், டெல்லி லீக்குக்கான ஃபாரம் எல்லாம் அந்தக் கட்டில் இருக்கும். ஒவ்வொன்றிலும் பென்சில் குறி இருக்கும். நான் ஒரு காகிதத்தில் கொஞ்சம் நின்றால் போதும்.

"அரே மதராசி, நாவலா படிக்கிறாய்? சைன் கர், ஜல்தி!"

பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் போட்டுவிடுவேன்.

நான் சொல்லுகிற வருஷத்திலும் அப்படித்தான் போட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவள் அம்மா வயிற்றில் இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நாடு முழுவதற்குமாக ஒரு புது லீக் வந்திருந்தது. கல்கத்தா, கோவா, பம்பாய் என்று எல்லா ஊர் டீமும் ஆடுகிற லீக். கரோல் பாக்கில் மோட்டார் பாகங்கள் விற்கிற ஒரு வியாபாரி, எல்லோரும் லாலாஜி என்று கூப்பிடுகிறவர், அதற்குள் நுழைய வேண்டும் என்று சொந்தமாக ஒரு கிளப்பை ஆரம்பித்தார். முதலில் டெல்லி லீக்கில் மேலே வர வேண்டும், பிறகு தகுதி ஆட்டங்களில் ஜெயிக்க வேண்டும். ஆட்டக்காரர்களுக்கு வேறு வேலை கிடையாது. ஆடுவதற்குத்தான் சம்பளம்.

அந்தக் கிளப்பின் மேனேஜர் ஒரு நாள் எங்கள் மேட்ச் முடிந்ததும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர், லாலாஜியின் மைத்துனர். கையில் ஒரு சின்ன நோட்டு. "நீ இன்றைக்கு நாற்பத்தொரு பாஸ் கொடுத்தாய். முப்பத்தாறு சரியான காலுக்குப் போய்ச் சேர்ந்தது" என்றார்.

என் பாஸை யாராவது எண்ணுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. நானே எண்ணியதில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். அந்தப் பெரிய லீக்கில் ஒரு தடவையாவது ஆடிப் பார்க்க வேண்டும். நான் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரனா, இல்லை ஒரு மணிக்கு டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிற பாபுக்களுக்கு நடுவில் மட்டும் நல்ல ஆட்டக்காரனா என்று எனக்குத் தெரிய வேண்டும். வயது இருபத்தாறு. அந்த வருஷத்தை விட்டால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

உங்கள் தாத்தா அப்போது ஓர் அமைச்சக அலுவலகத்தில் தஃப்தரி, அதாவது ஃபைல்களைத் தைத்து, அடுக்கி வைக்கிற வேலை. நான் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏன்டா, பக்கா கவர்மெண்டு வேலைய விட்டுப்புட்டு பந்தை ஒதைக்கப் போறேங்கிற. கால் ஒடைஞ்சா லாலா வந்து கஞ்சி ஊத்துவானா?"

"இப்பவும் பந்தைத்தானப்பா ஒதைக்கிறேன்."

"இப்ப ஒதைக்கிறது வேலைக்கு. அங்க ஒதைக்கிறதுதான் வேலை. ரெண்டும் ஒண்ணாடா?"

அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மேனேஜர் ஒரு வழி சொன்னார். வேலையை விட வேண்டாம், ஒரு வருஷத்துக்குச் சம்பளமில்லாத லீவு கேள் என்றார். நான் விண்ணப்பம் எழுதி ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரியிடம் கொடுத்தேன். எந்தக் கிளப், என்ன விஷயம் என்று எல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன். வாங்கிப் படித்தார், என்னைப் பார்த்தார், மேஜை டிராயரைத் திறந்து உள்ளே வைத்தார். "ஹோ ஜாயேகா, பேட்டா" என்றார். ஆகிவிடும் மகனே என்று அர்த்தம். டெல்லி ஆபீஸில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், காரியம் ஆனாலும் அப்படித்தான் சொல்வார்கள், ஆகாவிட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

கரோல் பாக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கிரீஸ் வாடை அடிக்கும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்து, சோலே பட்டூரா வரவழைத்துக் கொடுத்தார் லாலாஜி. மேனேஜர் கிளப்பின் ஃபாரத்தை எடுத்து, இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வரியாக ஹிந்தியில் சொன்னார். குறி எதுவும் இல்லாத காகிதம். என் ஆயுசில் முழுசாகத் தெரிந்துகொண்டு நான் கையெழுத்துப் போட்ட முதல் காகிதம் அதுதான். அதில் ஒரு கேள்வி இருந்தது: இந்த வருஷம் வேறு எந்த டீமுக்காவது கையெழுத்துப் போட்டிருக்கிறாயா?

"இல்லை" என்றேன்.

இந்த இடத்தில்தான் நான் எத்தனையோ தடவை நின்று யோசித்திருக்கிறேன். ஹோலிக்குப் பிறகு போட்ட அந்தக் கட்டில் லீக் ஃபாரமும் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருஷமும் இருந்ததே. லீவு கேட்ட பிறகு அதை எடுத்துவிட்டிருப்பார்கள் என்று நம்பினேனா? இல்லை, அது ஞாபகத்துக்கே வரவில்லையா? இல்லை, வந்தும் வராத மாதிரி நானே இருந்துகொண்டேனா? பொய் சொல்லுகிறோம் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அது மட்டும் சத்தியம். ஆனால் சொன்னது பொய்.

அந்த ஃபாரத்தில் அமெச்சூர், ப்ரொஃபெஷனல் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. மேனேஜர் என்னைக் கேட்டுக்கொண்டு இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தார். ஆகவே சின்னவனே, உன் கேள்விக்குப் பதில் இதுதான்: ப்ரொஃபெஷனலாக இருந்தேன், பத்தொன்பது நாள்.

அந்தப் பத்தொன்பது நாளும் காலை ஐந்தரைக்குப் பயிற்சி. கல்கத்தாவிலிருந்து வந்த கோச், இரண்டு தொடுதலுக்கு மேல் பந்தை வைத்துக்கொண்டால் விசிலை ஊதிவிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒன்பது மணிக்குப் பயிற்சி முடிந்துவிடும். அப்புறம் என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியாது. மற்றவர்கள் எல்லோரும் அறைக்குப் போய்த் தூங்குவார்கள். ஒரு நாள் நான் என்னையறியாமல் பஸ் ஏறி, ஆபீஸ் வாசலில் இறங்கி நின்றேன். வாசலில் டீ விற்கிறவர், "லீவில் இல்லையா நீ?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

லீக் ஆரம்பித்தது. கிளப்புக்கு முதல் மேட்ச் யாரோடு என்று பட்டியலைப் பார்த்தால், என் ஆபீஸ் டீமோடு.

ஸ்டேடியத்தில் எட்டாம் நம்பர் போட்ட புது ஜெர்சியோடு வெளியே வந்தேன். பழைய சிநேகிதர்கள் எதிர்ப்பக்கம் நின்று, "ஏ மதராசி, புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாயா?" என்று கத்தினார்கள். நானும் கையைக் காட்டிச் சிரித்தேன். அந்த நேரம் மேட்ச் அதிகாரி மேஜையில் இரண்டு டீமின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரைக் கூப்பிட்டார். போனேன். ஒரு பட்டியலைக் காட்டினார். எட்டாம் நம்பரில் என் பெயர். இன்னொன்றைக் காட்டினார், ஆபீஸ் டீமுடையது, ஹோலிக்குப் பிறகு டைப் அடித்தது. அதிலும் எட்டாம் நம்பரில் என் பெயர்.

"தூ கிஸ்கா ஹை, பாய்?" என்றார். நீ யாருடைய ஆள்?

எனக்குப் பட்டியலில்தான் ஏதோ தப்பு என்று தோன்றியது. வேறு யாரோ என் பெயரில் இருக்கிறானோ என்றுகூட நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ரிஜிஸ்ட்ரேஷன் கட்டைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு ஃபாரத்தையும் எடுத்துப் போட்டார்கள். இரண்டும் என் கையெழுத்து. முதலாவதில் பென்சில் குறியைக்கூட யாரும் அழிக்கவில்லை.

விசாரணை முடிகிற வரைக்கும் எந்த டீமிலும் ஆடக்கூடாது என்றார்கள். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. அந்த பெஞ்சுக்கும் போக முடியாது, இந்த பெஞ்சுக்கும் போக முடியாது. கோட்டுக்கு வெளியே, அடிபட்டவனைத் தூக்க வைத்திருந்த ஸ்ட்ரெச்சரில் போய் உட்கார்ந்தேன். ஆபீஸ் டீம் கோல் போட்டபோது பழைய பழக்கத்தில் எழுந்து கை தட்டினேன். கிளப் பெஞ்சிலிருந்து எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் கிளப் ஒரு கோல் போட்டது. அதற்கும் எழுந்தேன். ஃபர்ஸ்ட் எய்டுக்காரர் என் தோளைப் பிடித்து, "பேசாம படுத்துக்கோ பாய், உனக்குத்தான் இது வேணும் போல" என்றார்.

ஒரு வாரம் கழித்து, கேலரிக்குக் கீழே இருந்த அறையில் விசாரணை. லீக் கமிட்டியின் மூன்று பெரியவர்கள் மேஜைக்கு அந்தப் பக்கம். எனக்கு வலது பக்கம் ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி, இடது பக்கம் கிளப் மேனேஜர். இரண்டு கையெழுத்தும் உன்னுடையதா என்றார் நடுவில் இருந்தவர். ஆமாம் என்றேன். ஆபீஸ் ஃபாரத்தைப் படித்துவிட்டுப் போட்டாயா என்றார். படிக்கவில்லை என்று சொன்னால் செக்ரட்டரிக்குக் கெட்ட பெயர். படித்தேன் என்று சொன்னால் மேனேஜரிடம் நான் சொன்னது வேண்டுமென்றே சொன்ன பொய். "குறி இருந்தது சாகிப், போட்டேன்" என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அவர்களும் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள்தானே.

நடுவில் இருந்தவர் நல்ல மனிதர். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இரண்டு கையெழுத்துக்குச் சட்டப்படி ஒரு வருஷம் தடை. ஆனால் நீ ஏமாற்றுக்காரன் இல்லை என்று தெரிகிறது. ஒன்றை நாங்கள் ரத்து செய்துவிடுகிறோம். எதை ரத்து செய்ய? நீயே சொல்லிவிடு."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிளப் என்று சொன்னால் அந்தப் பெரிய லீக்குக்கு வழி இருக்கிறது. ஆபீஸ் என்று சொன்னால் வேலைக்கு ஆபத்து இல்லை.

"சொல்லு பேட்டா, ஆபீஸ்னு சொல்லு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் வலது பக்கத்தில் இருந்தவர், மெதுவாக. இடது பக்கத்தில் இருந்தவர் அந்தச் சின்ன நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒருவர் டைபாய்டில் ஜூஸ் கொண்டுவந்தவர். இன்னொருவர் என் பாஸை எண்ணியவர். வீட்டில் என் அப்பா தட்டைத் தள்ளி வைத்தது ஞாபகத்துக்கு வந்தது. உங்கள் அம்மாவுக்கு அது ஏழாம் மாதம். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. டீ வந்தது. அவர்கள் குடித்து முடித்தார்கள். "சலோ", அதாவது சரி போகட்டும், என்று சொல்லிவிட்டு நடுவில் இருந்தவர் பேனாவை எடுத்து எழுதினார். ஒரு வருஷம்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து வெளியே நின்றிருந்தார் உங்கள் தாத்தா.

"என்னடா கேட்டாய்ங்க?"

"எந்த டீம் வேணும்னு கேட்டாங்கப்பா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாததுக்கா ஒரு வருசம்? ஏதாச்சும் சொல்லித் தொலைச்சிருந்தா எத்தன வருசம் போட்டிருப்பாய்ங்க?"

ரோட்டோரத்தில் ஒரு கோலி சோடா, இங்கே பண்ட்டா என்பார்களே அது, வாங்கி என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டே வந்தவர், எங்கள் வீடு இருந்த ஆர்.கே.புரம் நெருங்கும்போது சொன்னார்: "லாலா டீமுன்னே சொல்லியிருக்கலாம்லடா."

நான் திடுக்கிட்டுப் போனேன். "நீங்கதானப்பா வேணாம்னீங்க?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். ஆடுறது நானா நீயா?"

அவர் முதலில் சொன்னது நிஜமா, கடைசியில் சொன்னது நிஜமா என்று நான் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் கேட்கவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். என் லீவு விண்ணப்பம் அந்த டிராயரிலேயே கிடந்தது. மேலே போகவே இல்லை. நான் வராத நாளெல்லாம் ரிஜிஸ்டரில் மெடிக்கல் லீவு என்று மாறியிருந்தது. செக்ரட்டரி மறந்துவிட்டாரா, என்னை விடக்கூடாது என்று மறைத்து வைத்தாரா, இல்லை என் வேலை போய்விடக்கூடாது என்று காப்பாற்றினாரா, எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. "ஆ கயா மதராசி?" என்றார். வந்துவிட்டேன் என்றேன்.

அந்த வருஷம் மத்தியானம் மைதானம் கிடையாது. ஐந்து மணி வரைக்கும் சீட்டில் இருக்க வேண்டும். பொழுது போகாமல் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டேன். பின்னால் பரீட்சை எழுதி கிளார்க் ஆனதும், இந்த குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அதனால்தான். தடை முடிந்த பிறகு ஆபீஸ் டீமிலேயே இன்னும் ஆறு வருஷம் ஆடினேன். லாலாஜியின் கிளப் இரண்டே சீசனில் மூடிவிட்டது. தகுதி ஆட்டத்தில் தோற்றார்கள், பெரிய லீக்குக்குள் போகவே இல்லை. ஆபீஸில் எல்லோரும், "தப்பித்தாய்" என்று என் முதுகில் தட்டினார்கள். தப்பித்தவனுக்கு ஒரு சந்தோஷம் இருக்கும் இல்லையா? அது வரவில்லை. நான் இருந்திருந்தால் அந்த ஆட்டத்தை ஜெயித்திருப்பார்களோ என்று ஒரு நாள் தோன்றும். நான் இருந்தும் தோற்றிருப்பார்கள், வேலையும் போயிருக்கும் என்று மறுநாள் தோன்றும்.

உங்களுக்கு இதிலிருந்து ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக யோசித்தேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லலாம். ஆனால் இரண்டாவது ஃபாரத்தை நான் ஒவ்வொரு வரியாகக் கேட்டுத்தான் போட்டேன். மாட்டிக்கொண்டது அந்தக் கையெழுத்தால்தான். உண்மையைச் சொல்லுங்கள் என்று சொல்லலாம். விசாரணையில் நான் பொய் எதுவும் சொல்லவில்லை, ஒரு வருஷம் கிடைத்தது. ஆகையால் புத்தி எதுவும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தடையில் இருந்தபோது, கிளப் ஆடிய அந்தத் தகுதி ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். அம்மாவும் வருகிறேன் என்றாள். பெரியவள் ஆறு மாதக் குழந்தை, அம்மா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டாம் நம்பரில் கடுவால் மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஆடினார். நல்ல ஓட்டம், நல்ல கால். என்னைவிட நன்றாக ஆடுகிறாரா என்று பார்க்கத்தான் போனேன். அரை மணி நேரம் பார்த்தும் என்னால் முடிவு பண்ண முடியவில்லை.

"அந்த எட்டுதான் உங்க எடமா?" என்றாள் அம்மா.

"ஆமா."

கொஞ்ச நேரம் பார்த்தாள். ஃபுட்பாலில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது அவள் பார்த்த மூன்றாவது மேட்சோ நான்காவதோ.

"நல்லாத்தான் ஆடுறாரு. ஆனா பந்து வந்தப்பறம் யாருக்குக் குடுக்கலாம்னு நின்னு யோசிக்கிறாரு" என்றாள். "நீங்க ஒரு நாளும் யோசிச்சு நான் பாத்ததில்ல. வந்ததும் குடுத்துருவீங்க."

கீழே அவர் பந்தை இழந்துவிட்டார். கேலரியில் எல்லோரும் கத்தினார்கள். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. நான் அவளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, மேட்ச் முடிகிற வரைக்கும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே இருந்தேன்.